வரவில்லை என்பதும் இல்லை என்பதும்

ஃபிளட்டரில் புதிதாக ஆப் எழுதுகிறவர்களின் திரையில் அடிக்கடி வந்து நிற்கும் ஒரு வசனம் உண்டு: "இன்ஸ்டன்ஸ் ஆஃப் ஃபியூச்சர்". பெயரோ மார்க்ஸோ தெரிய வேண்டிய இடத்தில் இது தெரியும். கலைப்பீடத்து ஆட்களான எங்களுக்கு இதைப் பார்த்தால் சிரிப்புத்தான், போன் எதிர்காலத்தைப் பற்றித் தத்துவம் பேசுகிறது என்று. ஆனா அது சொல்வது பச்சை உண்மை. கேட்ட பெறுமானம் இன்னும் வரவில்லை. கையில் இருப்பது, அது வரும் என்று சொல்லும் ஒரு சீட்டு மட்டும்.

ஏன் சீட்டு? போனில் திரையை வரைவதும் விரல் தொடுவதைக் கவனிப்பதும் ஒரே பிரதான இழையின் வேலை. திரை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்பட்டால், ஒரு தடவைக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 16 மில்லிசெக்கன். சேர்வரின் பதில் வரும்வரை அந்த இழை காத்து நின்றால் எல்லாமே உறைந்துவிடும். அண்ட்ராய்டில் நாம் தொட்டதற்கு 5 செக்கன் வரை அசைவில்லை என்றால் "ஆப் பதிலளிக்கவில்லை" என்ற பெட்டி வந்துவிடும். கண்டி டவுனுக்குள் இது பெரிதாகத் தெரியாது. தெல்தோட்டைப் பக்கம் பஸ்ஸில் போனால் தெரியும்: ஒரு வளைவில் சிக்னல் வரும், அடுத்த வளைவில் போகும். கேட்பது ஒரு நேரம், கிடைப்பது இன்னொரு நேரம். கேட்ட வரிக்கு அடுத்த வரியிலேயே பெறுமானத்தை எடுக்கப் போனால் வெறும் பாத்திரம்தான் இருக்கும். "வந்ததும் இதைச் செய்" என்று சொல்லி வைத்துவிட்டு நிரல் மற்ற வேலையைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சீட்டுக்கு ஒரு வரலாறு இருக்கு. டியூட்டோரியல் வீடியோக்களில் அது வருவதில்லை.

1965 இல் டோனி ஹோர், அல்கோல் டபிள்யூ மொழிக்குள் 'நல்' என்பதைச் சேர்த்தார். (தமிழில் எழுதினால் ஏதோ நல்ல சாமான் மாதிரி இருக்கு.) எதையும் சுட்டாத சுட்டிக்கு அது பெயர். செய்வதற்கு மிக இலகுவாக இருந்ததால்தான் சேர்த்ததாக 2009 இல் அவரே சொல்லி, அதைத் தன் பில்லியன் டொலர் பிழை என்றார். எங்கள் பார்வையில் அதன் சிக்கல் இதுதான்: அப்படி ஒன்று இல்லவே இல்லை, இன்னும் வரவில்லை, வரும் வழியில் பிழைத்துவிட்டது ஆகிய மூன்றுக்கும் அது ஒரே முகத்தைக் காட்டும்.

மூன்றையும் பிரித்து எழுதப் பல வருடம் பிடித்தது. 1976 இல் டானியல் ஃபிரீட்மனும் டேவிட் வைஸும் 'பிராமிஸ்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். 1977 இல் ஹென்றி பேக்கரும் கார்ல் ஹியூவிட்டும் 'ஃபியூச்சர்' என்றார்கள். ஆனால் எங்களுக்கு முக்கியமாகப் படுவது 1988. பார்பரா லிஸ்கோவும் லியுபா ஷ்ரீராவும் வலையமைப்பின் மறுபக்கத்தில் நடக்கும் வேலைக்கு இந்தச் சீட்டைப் பயன்படுத்தினார்கள். பெறுமானம் வரலாம், பிழையும் வரலாம், இரண்டுமே அந்தச் சீட்டின் வகைக்குள் எழுதப்பட்டிருந்தன. 2015 இல் ஜாவாஸ்கிரிப்ட் இதை மூன்று நிலையாக நிரந்தரமாக்கியது: நிலுவையில், நிறைவேறியது, மறுக்கப்பட்டது.

நிலுவை என்ற சொல் மலையகத்து ஆட்களுக்குப் புதிதில்லை. ஹோர் 'நல்'லைச் சேர்ப்பதற்கு முதல் வருடம், 1964 ஒக்டோபர் 30 இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்கள் என்று கணக்கிடப்பட்டவர்கள் 975,000 பேர். 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார்கள். ஒப்பந்தத்தில் இருந்தது எண்ணிக்கை, பெயர் இல்லை. அந்த 150,000 இல் தான் இருக்கிறேனா என்று ஒரு தோட்டத் தொழிலாளிக்குச் சொல்ல எந்தப் பட்டியலும் கிடையாது. 1974 இல்தான் அவர்களை ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்தார்கள். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்துக்குக் கடவுச்சீட்டுக்காகத் தோட்டங்களிலிருந்து ஏறி இறங்கிய கதைகளை எங்களில் பலர் வீட்டில் கேட்டிருக்கிறோம். அரசின் தாளில் "தீர்மானிக்கப்படவில்லை" என்று இருந்தது, வாக்காளர் இடாப்பில் "இல்லை" என்றே வாசிக்கப்பட்டது. அந்தக் கணக்கை மூட 1988 இலும் 2003 இலும் கூடத் தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன. உவமையை இதற்கு மேல் இழுக்கப் போவதில்லை. நிலுவையில் இருக்கும் ஃபியூச்சருக்கு வயது போவதில்லை, பிள்ளை பிறப்பதும் இல்லை.

சீட்டு கிடைத்த பிறகும் திரைக்கு ஒரு பிரச்சினை மிச்சம் இருந்தது. பெறுமானம் வந்தது என்று திரைக்கு யார் சொல்வது? இதற்கான பதில் 1979 இல் வந்த விசிகெல்க் விரிதாளிலேயே இருந்தது. ஒரு கூடு மாறினால் அதை நம்பியிருக்கும் கூடுகள் தானாக மாறும். 1997 இல் கோனல் எலியட்டும் போல் ஹூடாக்கும் நேரத்தோடு மாறும் பெறுமானங்களைக் கொண்டே அசைவூட்டம் எழுதிக் காட்டினார்கள். பிறகு 2009 இல் மைக்ரோசொஃப்டின் ஆர்எக்ஸ், 2013 இல் அதை ஜாவாவுக்குக் கொண்டுவந்த நெட்ஃபிளிக்ஸ், 2017 இல் கூகுளின் லைவ்டேட்டா, 2019 இல் அப்பிளின் ஸ்விஃப்ட்யூஐ. ஃபிளட்டரின் ஃபியூச்சர்பில்டரும் இதே பரம்பரைதான். பெறுமானத்தை நாம் போய் எடுப்பதில்லை. காத்திருக்கும்போது இது, வந்தால் இது, பிழைத்தால் இது என்று மூன்று படத்தை எழுதிக் கொடுக்கிறோம், எந்தப் படம் என்பதை நிலை தீர்மானிக்கும்.

ஆனா எழுதிக் கொடுக்கச் சொல்லி ஃபியூச்சர்பில்டர் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அவசரத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் ஒரு பூச்சியம் வைத்தால் போதும், சிவப்புத் திரை போய்விடும், ஆப் ஓடும். மகாபொல காசு விழுந்திட்டா என்று பார்க்கிற ஆளுக்கு, பதில் வரும் முன்னமே மீதி 0 என்று காட்டும். சிக்னல் இல்லாத இடமாக இருந்தால் அந்த 0 அப்படியே நிற்கும்.

இந்த விஷயத்தில் இலங்கையில் பிறந்த மொழி ஒன்று கண்டிப்பானது. கொழும்பில் டபிள்யூஎஸ்ஓ2 உருவாக்கிய பலரினாவில் 'ஃபியூச்சர்' என்பது மொழிக்குள்ளேயே உள்ள ஒரு வகை. 'வெயிட்' போட்டால் கிடைப்பது பெறுமானம் அல்லது பிழை. பிழையைக் கவனிக்காமல் பெறுமானத்தை மட்டும் எடுக்க முயன்றால் கம்பைலர் விடாது. அது சேர்வர் பக்கத்துக்கான மொழி, போனுக்கானது இல்லை. போன் பக்கம் 2023 இல் வந்த டார்ட் 3 ஓரளவு அங்கே வந்துவிட்டது: மூன்று நிலையையும் சீல்ட் கிளாஸாக எழுதி சுவிட்ச் போட்டால், ஒன்றை விட்டால் கம்பைல் ஆகாது.

அப்படியானால் காத்திருக்கும் படத்தில் தமிழில் என்ன போடுவது? பல ஆப்களில் "ஏற்றுகிறது" என்று இருக்கு, லொறியில் கொழுந்து மூட்டை ஏற்றுகிற மாதிரி. "இன்னும் வரல்ல" என்றே போடலாம் என்பது எங்கள் கட்சி.