மோரோஜோ தைத்த எதிர்காலம்

உலக அறிவியல் புனைகதை மாநாடுகளின் வரலாற்றைத் தேடிப் போனால் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் கண்டிப்பா கண்ணில் படும். 1939 ஜூலை, நியூயார்க். முதல் மாநாடு. கோட்டு, டை போட்டு வந்த ரசிகர்களுக்கு நடுவில் ஓர் இளைஞர் மட்டும் தோளில் அங்கி போட்டு, வேற்றுக் கிரகத்திலிருந்து நேரா வந்திறங்கிய மாதிரி நிற்பார்.

அவர் ஃபாரஸ்ட் அக்கர்மன். அப்போ வயசு 22. பின்னாளில் 'சை-ஃபை' என்ற சொல்லைப் பரப்பியவர், ஹாலிவுட் பேய்ப்பட ரசிகர்களுக்கு ஒரு பத்திரிகையே நடத்தியவர். சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர்களில் மிகப் பிரபலமானவர்.

சரி, அந்த உடையைத் தைத்தது யாரு?

மர்ட்டில் டக்ளஸ். 1904-ல் பிறந்தவர், அக்கர்மனைவிட 12 வயது மூத்தவர். இருவருக்கும் எஸ்பெராண்டோ மொழியில் பைத்தியம். மர்ட்டில் ஆர். ஜோன்ஸ் என்ற தன் பெயரின் முதலெழுத்துகளை அந்த மொழியில் உச்சரித்து 'மோரோஜோ' என்று வைத்துக்கொண்டார். ரசிகர் உலகத்தில் அவருக்கு அதுதான் பெயர்.

ஓவியர் ஃபிராங்க் பாலின் பத்திரிகைப் படங்கள், 1936-ல் வந்த 'திங்ஸ் டு கம்' திரைப்படம் இரண்டையும் மனதில் வைத்து, மோரோஜோ இரண்டு உடைகள் தைத்தார். ஒன்று அக்கர்மனுக்கு, இன்னொன்று தனக்கு. ஆமாம், அந்த மாநாட்டுக்கு அவரும் எதிர்கால உடையில்தான் போனார். மாநாட்டில் மாறுவேடப் போட்டி எதுவும் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. இவங்களா போட்டுக்கிட்டுப் போனதுதான்.

அடுத்த வருஷமே அது பரவிவிட்டது. 1940 சிகாகோ மாநாட்டில் மாறுவேட நிகழ்ச்சி வைத்தார்கள். ஃபிளாஷ் கார்டன் கதையின் வில்லன் மிங்காக வந்த டேவிட் கைலுக்கு முதல் பரிசு. அந்த உடையை உருவாக்கியவர் லெஸ்லி பெர்ரி, அவரும் ஒரு பெண். தைத்தது ஒருத்தர், பரிசு வாங்கியது இன்னொருத்தர்!

1941 டென்வரில் மோரோஜோ தவளை முகமூடி போட்டு வந்தார். மெரிட்டின் 'தி மூன் பூல்' நாவலில் வரும் தவளை மனிதர்களுக்குப் பெயர் 'அக்கா' (நமக்குச் சிரிப்பு வரும், என்ன செய்ய). முகமூடி செய்தவர் ரே ஹாரிஹவுசன். திரைப்படத்தில் பொம்மைகளை அசையவைத்துப் பின்னாளில் பேர் வாங்கினாரே, அவரேதான்.

ஆனா மோரோஜோவைத் தையல்காரராக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். லாஸ் ஏஞ்சல்ஸ் ரசிகர் சங்கத்தில் பொறுப்பு வகித்தார். சங்கத்தின் 'இமாஜினேஷன்!' இதழைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். ரே பிராட்பரியின் முதல் கதை 1938 ஜனவரியில் அச்சேறியது அதில்தான். பிறகு 1939 முதல் 1947 வரை அக்கர்மனோடு சேர்ந்து, பெரும்பாலும் வாசகர் கடிதங்களாலேயே நிரம்பிய ஓர் இதழை நடத்தினார். 'குட்டெட்டோ' என்று தனியாக ஒன்றும் போட்டார். எஸ்பெராண்டோவில் 'சிறு துளி' என்று அர்த்தம்.

இதெல்லாம் சைக்ளோஸ்டைல் காலம். ஸ்டென்சில் தாளில் தப்பில்லாம டைப் அடிக்கணும், மை தடவிக் கைப்பிடியைச் சுத்தணும், பக்கம் அடுக்கணும், பின் அடிக்கணும், தபால்தலை ஒட்டணும். ஒரு கடிதம் எழுதிய ரசிகரின் பெயர் அச்சில் நிற்கும். அதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த உழைப்பு அச்சில் தெரியாது.

என் தொழிலில் இதுக்கு ஒரு வசதி இருக்கு. நிரலில் எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும், அதைக் கடைசியாக மாற்றியது யார், என்றைக்கு என்று 'கிட்' சொல்லிவிடும். துணிக்கு அந்த மாதிரி எதுவும் இல்லை. படத்தில் நிற்பவருக்கே பெயர் போய்ச் சேரும். மோரோஜோ விஷயத்தில் நல்லகாலம், அக்கர்மனே அவர்தான் தைத்தார் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவைத்தார்.

மோரோஜோ 1964-ல் இறந்தார். 'காஸ்ப்ளே' என்ற சொல் ஜப்பானில் பிறந்தது 1980-களில். அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை. இன்று அவரை அதன் தாய் என்கிறார்கள். எனக்கு அவர் அதுக்கும் மேல. ரசிகர் என்றால் படிச்சு ரசிப்பவர் மட்டுமில்லை, ராத்திரி உட்கார்ந்து டைப் அடிப்பவரும் துணி வெட்டுபவரும்தான். அந்த ஆட்கள் இல்லாமல் முதல் மாநாடும் இல்லை, இரண்டாவதும் இல்லை.