சக்கரமும் அலையும்: திருவனந்தபுரத்து மாணவர் பயணங்களில் பாட்டு

திருவனந்தபுரத்தில் அரசுப் பேருந்தும் வானொலியும் ஐந்தாண்டு இடைவெளியில், ஒரே அரசின் கையால், ஒரே மகாராஜாவின் காலத்தில் வந்து சேர்ந்தவை. லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டரை 1937இல் வரவழைத்துப் பொறுப்பில் அமர்த்திய திருவிதாங்கூர் அரசு, 1938 பிப்ரவரி 20 அன்று தன் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியது. அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் பலராம வர்மாவும் அரச குடும்பத்தாரும் ஏறிய வண்டியைச் சால்ட்டரே ஓட்டினார். 1943இல் அதே அரசு சொந்தமாக ஒரு வானொலி நிலையத்தை நிறுவியது. 1950 ஏப்ரல் 1 அன்று அந்நிலையம் அகில இந்திய வானொலியின் கைக்கு மாறியது. சக்கரத்தையும் அலையையும் இப்படி ஒருசேரத் தன் வசம் வைத்திருந்த சமஸ்தானங்கள், ஹைதராபாத் போல, ஒன்றிரண்டே. ஆயினும், பள்ளிப் பிள்ளைகளின் பயணத்தில் ஒலித்த பாட்டு இவ்விரு அரசுத் துறைகளின் வழியாக முதலில் வந்து சேரவில்லை. அது தனியார் வாடகை வண்டியில், ஒலிநாடாவில் ஏறி வந்தது.

அரசுப் பேருந்து பாட்டில்லாமல் ஓடியதற்கு முதற்காரணம் கொள்கையன்று, வண்டியின் அமைப்பு. கேரள அரசுப் பேருந்துகளில் நெடுங்காலம் சன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் சுருட்டி வைத்த திரையை அவிழ்த்துத் தொங்கவிடுவார்கள், மழை விட்டால் மீண்டும் சுருட்டிக் கட்டுவார்கள். ஓட்டுநரின் பக்கத்தில் மூடிக்குள் இருந்த டீசல் எஞ்சினின் உறுமல், திறந்த பக்கங்கள் வழியாக நுழையும் காற்று, தெருவின் ஓசை எல்லாவற்றையும் மீறிக் கேட்டது ஒரே ஒலிதான்: கூரையின் நீளத்துக்கும் ஓடிய கயிற்றை நடத்துநர் இழுக்க, ஓட்டுநரின் தலைக்கருகே அடிக்கும் மணி. ஒருமுறை அடித்தால் நிறுத்தம், இருமுறை அடித்தால் புறப்பாடு. இந்தச் சங்கேதத்தில் பிழை நேர்ந்தால், இறங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை படியிலிருந்து விழக்கூடும் என்பதால், அந்த மணியை அமுக்கிவிடக்கூடிய வேறெந்த ஒலிக்கும் அங்கே இடமில்லாமற்போனது இயல்பே.

இரண்டாவது காரணம் கருவி. வால்வு எனப்படும் கண்ணாடிக்குழல்களால் இயங்கிய பழைய வானொலிப் பெட்டிக்கு வண்டியின் பேட்டரி தரும் தாழ்ந்த மின்னழுத்தம் போதாது. அதை உயர்த்தித் தரத் தனியே ஓர் அமைப்பு வேண்டியிருந்தது, அது குலுங்கும் வண்டியில் நெடுநாள் தாங்காது. டிரான்சிஸ்டர் வந்தபின் இச்சிக்கல் தீர்ந்தது; ஆனால் உரிமம் என்ற தடை மிஞ்சியது. 1980களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டும் என்ற விதி இருந்தது. சில்லறைக் கணக்குக்கே நாள் முழுதும் மல்லுக்கட்டும் ஒரு போக்குவரத்து நிறுவனம், நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு இச்செலவைத் தானாக இழுத்துவிட்டுக்கொள்ளும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

பயணத்தில் கிட்டாத வானொலி, பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் வீட்டிலும் கிட்டியது. இவ்வகையில் முன்னோடி சென்னை மாநகராட்சி: 1930 ஏப்ரல் 1இல் தன் ஒலிபரப்பைத் தொடங்கிய அது, மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கென்று மாலை நேரத்தில் இசைப்பாடமும் கதையும் ஒலிபரப்பியது. திருவனந்தபுரம் நிலையம், திவான் சி. பி. ராமசாமி ஐயர் குடியிருந்த வழுதக்காட்டு பக்திவிலாசம் மாளிகையில் இயங்கி, மலையாள வீடுகளின் காலைப்பொழுதைத் தன் நேரக்கணக்கில் கட்டிப்போட்டது. காலை 6.45க்கு ஒலிபரப்பாகும் வட்டாரச் செய்தி பல வீடுகளில் கடிகாரமாகவே பயன்பட்டது. செய்தி முடிவதற்குள் குளித்திராத பிள்ளை பேருந்தைத் தவறவிடும் என்பது பெற்றோரின் கணக்கு. இசையமைப்பாளர் எம். ஜி. ராதாகிருஷ்ணன் நடத்திய லலித சங்கீத பாடம், அதாவது மெல்லிசைப் பாட்டை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்துத் திரும்பப் பாடவைக்கும் நிகழ்ச்சி, இசையாசிரியர் இல்லாத ஊர்களுக்கும் பாட்டைக் கொண்டு சேர்த்தது. திருவிதாங்கூரின் தென் தாலுகாக்களில் வாழ்ந்த தமிழர்களுக்கும் திருவனந்தபுரமே அண்மை நிலையம். அப்பகுதி கன்னியாகுமரி மாவட்டமாக 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தபின்னும், 1963இல் திருநெல்வேலி நிலையம் தொடங்கும் வரை அவர்களுக்கு வேறு அண்மை நிலையம் வாய்க்கவில்லை.

நிலைமையை மாற்றியது ஒலிநாடா. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கையடக்கக் கேசட், உரிமமும் அலைவரிசையும் இன்றி விரும்பிய பாட்டை விரும்பிய இடத்தில் ஒலிக்கச் செய்தது. பாடகர் கே. ஜே. யேசுதாஸ் 1980இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தரங்கிணி நிறுவனம், திரைப்படத்துக்கு வெளியே ஓணப்பாட்டு, பக்திப்பாட்டு, மெல்லிசை ஆகியவற்றைக் கேசட்டுகளாக வீடுதோறும் கொண்டு சேர்த்தது. இதே காலத்தில் பள்ளிகளின் விநோதயாத்திரையும் பெருகியது. ஊட்டி, கொடைக்கானல், மைசூர், கன்னியாகுமரி என்று ஆண்டுக்கொருமுறை ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துச்செல்லும் சுற்றுலாவுக்குக் கேரளத்தில் வழங்கும் பெயர் அது.

இங்கே சட்டத்தின் ஒரு பாகுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். குறித்த தடத்தில் ஓடி, ஆளுக்கு ஆள் தனித்தனியே கட்டணம் வாங்கும் வண்டி ‘ஸ்டேஜ் கேரியேஜ்’. முழு வண்டியையும் ஒரு குழு பேசிவைத்து அமர்த்திக்கொள்வது ‘கான்ட்ராக்ட் கேரியேஜ்’. முதல் வகையில் திருவனந்தபுரத்தின் பெரும்பகுதி அரசின் வசம் இருந்தது. 1965இல் உருவான கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம், யானை முத்திரை காரணமாக மக்கள் ஆனவண்டி என்றழைத்த தன் பேருந்துகளில், சலுகைக் கட்டண அட்டையுடன் மாணவர்களை ஏற்றிச்சென்றது. இரண்டாம் வகை பெரும்பாலும் தனியார் களம். சலுகை அட்டை மாணவரால் நட்டமென்று முகம் சுளித்த பேருந்துத் தொழில், அதே மாணவரை விநோதயாத்திரைப் பருவத்தில் முதன்மை வாடிக்கையாளராகக் கண்டது. எந்த வண்டியை அமர்த்துவது என்பதில் மாணவர் சொல்லே எடுபட்டதால், உரிமையாளர்கள் அவர்களின் காதையும் கண்ணையும் குறிவைத்தார்கள். கேசட் போய்க் குறுந்தகடு வந்தது, அதுவும் போய்ப் பென்டிரைவ் வந்தது. இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்த கூரையில் வரிசையாகப் பெட்டிகள் முளைத்தன. அவற்றோடு சேர்ந்து லேசர் ஒளியும் ஆடுதளமும் புகைக்கருவியும் வந்தன. வண்டிகளுக்கு நடிகர்களுக்கு இருப்பதுபோல் ரசிகர் கூட்டங்கள் தோன்றின. 2022இன் நடுவில் கொல்லம் மாவட்டத்து மாணவர் சுற்றுலா ஒன்றின் தொடக்கத்தில், பேருந்தின் கூரைமேல் வாணவெடி வைத்துக் கொண்டாடும் அளவுக்கு இப்போக்கு முற்றியது.

அதே ஆண்டு அக்டோபர் 5 இரவு, எர்ணாகுளம் மாவட்டப் பள்ளியொன்றின் மாணவர்களை ஊட்டிக்கு ஏற்றிச்சென்ற சுற்றுலாப் பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியது. ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்துப் பயணிகள் மூவர் என ஒன்பது பேர் இறந்தனர். கேரள உயர்நீதிமன்றம், விதிமீறிய வண்ண விளக்குகளும் ஆயிரக்கணக்கான வாட் என எழுதி விற்கப்படும் ஒலிக்கருவிகளும் ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிப்பதோடு பயணிகளின் செவியையும் கெடுக்கின்றன என்று முன்பே கண்டித்திருந்தது. விபத்துக்குப்பின் இக்கருவிகள் மீதான நடவடிக்கை இறுகியது. சில நாட்களுக்குள் சுற்றுலாப் பேருந்துகள் யாவும் வெள்ளை நிறத்துக்கு மாறவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பள்ளிகளின் இரவுப் பயணத்துக்கான தடை மீண்டும் வலியுறுத்தப்பட்டது. மோதலுக்குக் காரணம் மட்டுமீறிய வேகம். வேகத்தை அளக்கக் கருவியும் பொறுமையும் தேவை, ஒலிபெருக்கியைக் கழற்றவோ ஒரு திருப்புளி போதும். முதலில் பாட்டின் மீது கைவைக்கப்பட்டதில் இந்த எளிமைக்கும் பங்குண்டு என்று கருத இடமிருக்கிறது.

அன்றாடம் பள்ளிக்குச் சென்றுவரும் மஞ்சள் வண்டியின் வரலாறு இதிலிருந்து வேறுபட்டது. டெல்லி வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 1997இல் பிறப்பித்த ஆணைகள் பள்ளி வண்டியின் வேகத்தையும், கதவையும், உடன்வரும் பொறுப்பாளரையும் பற்றிப் பேசின. திருவனந்தபுரத்துக் கரிக்ககத்தில் 2011 பிப்ரவரி 17 அன்று சின்னஞ்சிறு பிள்ளைகளை ஏற்றிவந்த வேன் பார்வதி புத்தனாறு என்ற கால்வாயில் விழுந்து பிள்ளைகளும் ஆயாவும் இறந்தபின், நகரில் பள்ளி வண்டிகள் மீதான கண்காணிப்பு கூடியது. இவ்வண்டிகளில் பாட்டோ, 2005 நவம்பர் 1இல் அரசு வானொலியின் அனந்தபுரி எஃப்எம் வந்தபின் எளிதானது: ஓட்டுநர் ஒரு பொத்தானைத் தட்டினாலே காலை முழுவதும் திரைப்பாட்டு கிடைத்தது. சில ஆண்டுகளில் தனியார் எஃப்எம் நிலையங்களும் சேர்ந்தன. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க வழிசெய்து, அங்கே பகலில் 50 டெசிபலை வரம்பாக வைத்தன; ஆகவே அவ்வாறு அறிவிக்கப்பட்ட இடத்தில் பள்ளி வண்டியின் ஒவ்வொரு பயணமும் அமைதி மண்டலத்தில் தொடங்குகிறது, அல்லது அங்கே முடிகிறது. நடுவழியில் எந்தப் பாட்டு ஒலிக்கலாம், அதை யார் தேர்வது என்பது நடைமுறையில் ஓட்டுநருக்கும் ஆயாவுக்கும் பின்னிருக்கைப் பிள்ளைகளுக்கும் இடையிலான பேரமாகவே இருந்துவருகிறது.

அமெரிக்காவில் இப்பேரத்தை ஒரு நிறுவனம் மொத்தமாக விலைபேசிப் பார்த்தது. 2006இல் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தொடங்கப்பட்ட பஸ்ரேடியோ, வயதுக்கேற்பத் தேர்ந்தெடுத்த பாடல்களோடு வணிக விளம்பரங்களையும் ஒலிக்கச் செய்தது. எழுந்துபோக வழியில்லாத பிள்ளையின் காதை விற்பதா என்று பெற்றோரும் நுகர்வோர் அமைப்புகளும் எதிர்த்தனர். 2009 செப்டம்பரில் அது மூடப்பட்டது. திருவனந்தபுரத்தின் மஞ்சள் வண்டிக்கு விளம்பரம் தனியார் எஃப்எம் வழியாக, எவரும் ஒப்பந்தம் போடாமலேயே வந்து சேர்ந்தது. அதனால்தானோ என்னவோ அத்தகைய எதிர்ப்பு இங்கே உருவாகவில்லை.

வெள்ளையடிக்கப்பட்ட சுற்றுலாப் பேருந்துகளின் பழைய வண்ணங்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. இந்தோனேசியாவில் உருவாக்கப்பட்ட ஒரு கைப்பேசிப் பேருந்து விளையாட்டில், கேரள வண்டிகளின் தோற்றத்தையும் ஆரனையும் மலையாள இளைஞர்கள் வடக்கஞ்சேரி விபத்துக்கு முன்பே வரைந்து ஏற்றியிருந்தனர். நிறவிதியும் டெசிபல் வரம்பும் எட்டாத அந்தத் திரையில், அவ்வண்டிகளைப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் ஓட்டுகிறார்கள்.