குறண்டிப் பள்ளியும் கல்வெட்டுச் சாட்சியும்

கோயில் ஒன்று இடிந்து மண்ணோடு மண்ணாகிவிட்ட பின்னரும், அதன் பெயர் பிறிதோர் ஊரின் பாறையிலே அழியாது நிலைத்திருக்குமானால், அக்கோயிலை முற்றும் மறைந்ததென்று கருதுதல் பொருந்தாது. பாண்டி நாட்டிலும் தொண்டை நாட்டிலும் ஒரு காலத்தில் சிறந்து விளங்கிய சமணப் பள்ளிகளின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர், இடிபாடுகளைத் தேடுமுன் இந்த உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

வெண்பு நாட்டுக் குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளி இதற்குத் தக்கதோர் உதாரணம். மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியை ஒட்டி நீண்டு கிடக்கும் சமணர் மலையில், ஏறக்குறைய ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே வட்டெழுத்துச் சாசனங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன; அவற்றுள் பல, உருவத்தைச் செய்வித்தவர் இன்ன ஆசிரியரின் மாணாக்கர், அவ்வாசிரியர் குறண்டிப் பள்ளியைச் சேர்ந்தவர் என்று குருபரம்பரையைச் சொல்லி முடிகின்றன. குறண்டி அட்டோபவாசி பட்டாரகரின் மாணாக்கர் குணசேனதேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என மூன்று தலைமுறைகளை ஒரே சாசனம் தொடுத்துக் காட்டுகிறது. இத்தனை ஆசிரியர்களையும் மாணாக்கர்களையும் பெற்றிருந்த அந்தப் பள்ளியைக் குறண்டியிலே தேடுவோருக்கு அதன் கட்டடம் கிடைப்பதில்லை. திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துச் சிவன் கோயிலில் வைத்துக் கட்டப்பட்ட கற்களிலேதான் திருக்காட்டாம்பள்ளிக்கு விடப்பட்ட தானங்கள் வாசிக்கக் கிடைத்தன. சிதிலமான கோயிலின் கல்லை எடுத்துப் புதிய திருப்பணிக்குப் பயன்படுத்துவது அக்காலத்து வழக்கமாதலின், எழுத்துள்ள கல்லும் எழுத்தில்லாத கல்லும் ஒன்றாகவே சுவரேறின.

சோழ இளவரசி ஒருத்தி எடுப்பித்த ஆலயத்திற்கும் இதே கதி நேர்ந்தது. முதல் இராசராசனின் தமக்கையாகிய குந்தவை, திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில், அதாவது அக்காலத்து இராசராசபுரத்தில், சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் மூன்று கோயில்கள் எடுப்பித்து, மூன்றுக்கும் அணிகலன்களையும் பாத்திரங்களையும் வழங்கினாள் என்று அவ்வூர்ச் சாசனம் கூறுகிறது. முதலிரண்டும் இன்றும் நிற்கின்றன. குந்தவை ஜினாலயமோ அண்டைக் கோயிற் சுவரில் எழுத்தாக மட்டுமே எஞ்சியிருக்கிறது.

பாறையிற் புடைத்தெழுந்த பிரதிமைகளைப் பெயர்த்தெடுக்க இயலாமையால் அவை தப்பின. ஆயினும் தம்முடைய பெயர்களை இழந்தன. சமணர் மலைக் குகையில் அமர்ந்த தீர்த்தங்கரரை ஊரார் செட்டியார் என்று கொண்டமையால் அவ்விடம் செட்டிப்புடவு ஆயிற்று. முனிவர் உறைந்த குன்றுகள் பல பஞ்சபாண்டவர் மலைகளாயின. குமரி மாவட்டத்துச் சிதறாலில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண்துறவி பொன்னணி வழங்கிய திருச்சாரணத்து மலைக்கோயில், பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் பகவதி கோயிலாக மாறியது. பெயர் மாறியதனால் வழிபாடு நின்றுவிடவில்லை. விளக்கும் எண்ணெயும் பெற்று வந்த உருவங்கள் அதனாலேயே பாதுகாப்பும் பெற்றன. ஆகவே, ஊரார் இன்று வழங்கும் பெயரையும் அவர்கள் செய்யும் பூசையையும் அறியாமை என்று ஒதுக்கிவிடாமல், அச்சிலையின் பிற்காலச் சரித்திரமாகவே ஏற்று எழுதிவைத்தல் ஆராய்ச்சியாளரின் கடமையாகும்.

1886ஆம் ஆண்டில் ஹூல்ஷ் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்டது முதல், பாறையைக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து, மையொற்றிப் படியெடுக்கும் பணி ஊர்தோறும் நடைபெறலாயிற்று. மயிலை சீனி. வேங்கடசாமி 1954இல் வெளியிட்ட ‘சமணமும் தமிழும்’ என்னும் நூல், சிதறிக் கிடந்த அச்செய்திகளை ஊர்வாரியாகத் தொகுத்துத் தமிழ் வாசகருக்கு அளித்தது. ஆயினும் எழுத்தைப் படியெடுத்தவர்கள் பல இடங்களில் உருவத்தை ஒரு வரியில் கூறிக் கடந்து சென்றனர். முக்குடை, சாமரம் வீசுவோர், சிம்மாசனம் ஆகியவை எல்லாத் தீர்த்தங்கரருக்கும் பொதுவாதலாலும், பார்சுவநாதரை நாகபடத்தால் அறிவதுபோல் மற்றையோரை அறிவதற்குரிய இலாஞ்சனம் பழைய பாறைச் சிற்பங்களிற் பெரும்பாலும் காணப்படாமையாலும், ஒரு பிரதிமை இன்னாருடையது என்று துணிவதற்கு அதன் பீடமும், பக்கத்தில் நிற்கும் இயக்கி என்னும் காவல்தெய்வமும், அடியிலுள்ள எழுத்தும் சேர்ந்தே தேவைப்படுகின்றன. வயலிலோ குளக்கரையிலோ கிடந்த சிலையைக் காட்சிசாலைக்கு எடுத்துச் செல்வோர், கிடந்த இடத்தைக் குறிக்காமற் சென்றால், சிலையைக் காத்து அதன் சாட்சியத்தை அழித்தவராவர். மதுரைப் பக்கத்துக் குன்றுகளிற் சில கல்குவாரிகளாற் கரைந்த இக்காலத்தில், உருவத்தையும் எழுத்தையும் இடத்தையும் சேர்த்துக் குறித்துவைக்கும் பணியை ஒத்திவைப்பதற்கும் இடமில்லை.

இந்த முயற்சியின் பயன் சமணருக்கு மட்டுமே உரியதன்று. பழனியை அடுத்த ஐவர்மலையில், சாந்திவீரக் குரவர் என்னும் துறவி, பழுதுற்ற பார்சுவ பட்டாரகர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து 505 காணம் பொன் அளித்த செய்தியைப் பொறித்தவர், சக ஆண்டு 792 என்பதையும், அது வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்பதையும் உடன் எழுதினார். அதனின்றே அவ்வரசன் கி.பி. 862ஐ ஒட்டி முடிசூடினான் என்று கணிக்க முடிந்தது. முன்னும் பின்னுமாக மற்றப் பாண்டியரின் காலங்களை வரிசைப்படுத்தவும் அதுவே ஆதாரமாயிற்று. சிலையைச் செப்பனிட்ட ஒரு துறவியின் கணக்கு ஓர் அரச வமிசத்தின் காலக்கணக்காக அமைந்த பின்பு, மறக்கப்பட்ட பள்ளி ஒன்றின் சிறிய கல்லையும் சிறிதென்று எண்ணி விட்டுவிட நியாயமில்லை.