புற்றுப் பரப்பும் நொதியங்கள்

இழையங்களைப் பிணைத்து நிற்கும் கொலாஜன் முதலிய நார்ப்புரதங்களை அறுத்து, புற்றுக்கலங்கள் அயல் உறுப்புகளுக்குள் நுழைய வழி திறந்துவிடும் நொதியங்களுள் பிரதானமானவை, நாக அணுவைத் தம் மையத்தில் தாங்கிய மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டீனேசுகள். மனித சரீரத்தில் இவை 23 உண்டு.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய சீனக்குடா, கிண்ணியா, மூதூர் முதலிய ஊர்களில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கையும் கன்னத்துள் அடக்கிக்கொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இவ்விஷயம் தொலைதேசத்து விஷயமன்று; இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றே. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றை விளைக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் நிர்ணயித்தது. பாக்கிலுள்ள அரெக்கோலின் என்னும் இரசாயனம் கொலாஜனைப் பெருக்கி, அதைக் கரைக்கும் நொதியங்களை அடக்கிவிடுவதால் கன்னம் பலகைபோல் இறுகி, குழம்பின் காரம் பட்டாலே எரிந்து, மூன்று விரல்களை நிமிர்த்தி நுழைக்கவும் இடமின்றி வாய் சுருங்கும். அவ்விடத்திலேயே புற்று முளைத்துவிட்டால், அடங்கிக் கிடந்த நொதியங்கள் மிகையாகச் சுரந்து கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பாதை வெட்டுகின்றன.

வாற்பேத்தை தவளையாகும் வேளையில் அதன் வால் அறுந்து விழாமல் கரைந்துபோவது எவ்வாறு என்று ஆராய்ந்த ஜெரோம் குரொஸ், சார்லஸ் லப்பியேர் என்னும் இருவர், வாலின் துண்டுகளைக் கொலாஜன் கூழின்மீது வைத்து, சுற்றிலும் கூழ் உருகித் தெளிவதைக் கண்டு, 1962-ல் இக்குடும்பத்தின் முதல் நொதியத்தை உலகுக்கு அறிவித்தனர். வாற்பேத்தையின் வாலைக் கரைப்பதும் மனிதனின் புண்ணை ஆற்றத் துணைசெய்வதும் ஒரே குலத்தவை என்பதை வாசகர் மனத்தில் கொள்ளவேண்டும். பின்வந்த மருந்துகள் தோற்றதன் காரணம் அதிலேயே அடங்கியிருக்கிறது. 1980-ல் லான்ஸ் லியொட்டா குழுவினர், அடிச்சவ்வின் கொலாஜனைக் கரைக்கும் திறன் மிகுந்த புற்றே அதிகம் பரவுகிறது என்று காட்டினர்.

அதன்பின் இந்நொதியங்களை முடக்கும் ஔஷதங்கள் தோன்றின. பிரிட்டிஷ் பயோடெக் கம்பெனியின் பாட்டிமஸ்டாட் நீரில் கரையாமையால் வயிற்றறைக்குள் செலுத்தப்பட்டது. வாய்வழி உண்ணத்தக்க மரிமஸ்டாட் தோளையும் கைமூட்டுகளையும் நோகச் செய்ததேயன்றி, பெரும் பரிசோதனைகளில் எதிர்பார்த்த ஆயுளைத் தரவில்லை. பேயர் கம்பெனி தன் மருந்தை உண்டவர்கள் வெற்று மாத்திரை உண்டவர்களைவிட நலிந்ததைக் கண்டு 1999-ல் நிறுத்திக்கொண்டது. புற்றைத் தடுக்கும் நொதியங்களும் இக்குலத்தில் இருக்க, எல்லாவற்றையும் ஒருசேர முடக்கியதும், ஏற்கெனவே பரவிவிட்ட நிலையில் பிரயோகித்ததும் பிழையாயின. இந்நொதியங்களை அடக்கும் மருந்தாக 1998-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற 20 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினும் முரசு நோய்க்கு மட்டுமே; புற்றுக்கு அன்று.

ஆகவே வாயைச் சோதிப்பதே இன்றும் முதற்காவல். பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதார ஊழியர்களே அதைச் செய்யக்கூடும் என்பதை 1984-ல் வெளியான இலங்கை ஆய்வு காட்டியது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, வெண்படலமோ, செம்படலமோ கன்னத்தில் கண்டால், வலியில்லையே என்று இராமல் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல்வைத்தியரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள்.