உறவும் கணக்கும்

நெமிலி முதலாய ஊர்களில் வீடு கட்டும் பணியை உறவினரிடம் ஒப்படைப்போர், கூலியை முன்னரே வரையறுத்தல் உறவுக்கு இழுக்கு எனக் கருதுவதுண்டு. பணி முடிந்தபின் அதுவே பிணக்காகின்றது.

உறவு கணக்கை மறைக்கும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். அண்டை மாவட்டமாகிய காஞ்சிபுரத்து உத்தரமேரூரில் முதற் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 921) பொறிக்கப்பெற்ற கல்வெட்டு இதற்குச் சான்றாகும். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி, அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனன் முதலியோரையும் அது குடவோலையினின்று விலக்கிற்று. ஏரி வாரியமும் இவ்விதிக்கு உட்பட்டதே.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 70ஆம் பிரிவில், இலவசமாகச் செய்யக் கருதாதவரின் பணிப்பயனைத் துய்த்தவர் ஈடுசெய்தல் வேண்டும் என்கிறது. உறவினர்க்கு அதில் விலக்கில்லை. ஆகவே, கூலியை முன்னரே எழுதிக்கொள்வது உறவைக் காக்கும் நெறி என்பது நம் துணிபு.