ஆறு தெரியும், மடு தெரியாது

மீன்பிடிப்பது பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டும், ஆனால் தான் தூண்டில் போடும் இடத்தை மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே நாற்பது பேர் நிற்பார்கள். சொல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கியவர், "இதுக்கு எதுக்குய்யா ஒரு புத்தகம்?" என்பார். குழம்புக்குப் பக்குவம் சொல்லும்போது ஒரு பொருளை மட்டும் 'மறந்துவிடும்' அத்தைமார் நம் எல்லோர் வீட்டிலும் உண்டே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

நம் நாட்டில் இந்த வகை எழுத்துக்கு வயது அதிகம். 12-ஆம் நூற்றாண்டில், கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் 'மானசோல்லாசம்' என்ற சமஸ்கிருத நூலை எழுதினான். அரசர்களின் பொழுதுபோக்குகளைச் சொல்லும் பகுதியில் மீன்பிடிப்பும் வருகிறது. செதில் உள்ள மீன், இல்லாத மீன், ஆற்று மீன், கடல் மீன், எதற்கு என்ன இரை, தூண்டில் எப்படி என்று ராஜா பாடம் நடத்துகிறார்!

வெள்ளைக்காரர் காலத்துக்கு வருவோம். ஹென்றி சல்லிவன் தாமஸ் சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரி, தென் கன்னடத்தில் வேலை பார்த்தவர். 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' வந்தது. 1881, 1897 என்று மேலும் இரண்டு பதிப்புகள். ஏரி, குளத்தில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-இல் தனிப் புத்தகமும் போட்டார். மனிதர் வெறும் தூண்டில் பிரியர் அல்ல. 1870-லேயே தென் கன்னட மீன்வளர்ப்பு பற்றி அறிக்கை எழுதியவர். மூன்றாம் பதிப்பு வந்த அதே 1897-இல்தான் வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டமும் வந்தது.

இன்னொருவர் நமக்கெல்லாம் புலிக்கதைகளால் தெரிந்த ஜிம் கார்பெட். 1944-இல் வந்த 'மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்' புத்தகத்தில் மஹசீர் மீனுக்காகவே ஒரு அத்தியாயம் இருக்கிறது. தொடங்கும்போதே காட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில் பல மைல் ஓடும் நதி என்று வர்ணிக்கிறார். பறவைகளையும் விலங்குகளையும் பற்றிச் சொல்கிறார், நதியின் பெயரை மட்டும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். ராம்கங்காவாக இருக்கும் என்று ரசிகர்கள் ஊகிப்பார்கள்.

இப்போது நம்ம காவிரி. பெங்களூரில் குடியேறிய நம்மில் பலர் தினமும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். இதில் ஒரு ராட்சத மீன் இருந்தது, கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த திமில் மஹசீர். 1946-இல் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்தது 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. நம் வீட்டில் ஒரு ஆள் எடை! பதிவுகளில் 'கபினி' என்று ஆற்றின் பெயர் இருக்கும். எந்த மடு? அது கரையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இங்கேதான் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். துரைமார் ரகசியம் என்று பொத்தி வைத்த மடுக்கள் கரையோர மக்களுக்கு ரகசியமே இல்லை. வழி காட்டியவர்களும் கேழ்வரகு மாவை உருட்டித் தூண்டிலில் கோத்தவர்களும் அவர்கள்தான். (ஆமாம், காவிரி மஹசீருக்குப் பிடித்த இரை கேழ்வரகு உருண்டை.) வெடி வைக்கிறவனும் புத்தகம் படித்துவிட்டு வருவதில்லை. ஆக, புத்தகத்தில் இடத்தை மறைப்பதால் மீன் தப்பிவிடும் என்பது பாதி உண்மைதான்.

மீதிப் பாதியைக் காவிரியே காட்டியது. 1977-78-இல் மூன்று பிரிட்டிஷ்காரர்கள் தூண்டிலோடு வந்து, இந்தப் பெரிய மீன் இன்னும் காவிரியில் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னார்கள். பிறகு பீமேஸ்வரி, காலிபோர் என்று முகாம்கள் வந்தன. பிடித்து, எடை போட்டு, திரும்ப ஆற்றில் விடுவதுதான் அங்கே விதி. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்த சிலருக்கு வழிகாட்டி வேலையும் கிடைத்தது. காலிபோர் முகாமில் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், எத்தனை மீன், என்ன எடை என்று நோட்டில் குறித்து வைத்தார்கள். 1998 முதல் 2012 வரை 6,000-க்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கு அது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது நின்றபின் ஆய்வாளர்கள் அந்த நோட்டைப் புரட்டினால், அதிர்ச்சி. மொத்த மீன் எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஆனால் கூடியது வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர். காவிரிக்கே சொந்தமான திமில் மஹசீர் குறைந்துகொண்டே போயிருக்கிறது.

இதில் பெரிய வேடிக்கை, நூறு வருஷத்துக்கும் மேலாகப் புத்தகங்களில் புகழ்பெற்ற அந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயரே இல்லாமல் இருந்தது! 2018-இல்தான் அது 'டோர் ரெமாதேவி' என்று உறுதியானது. நம் அமராவதியில் கலக்கும் கேரளத்துப் பாம்பாற்று மீனுக்கு ஏற்கெனவே வைத்திருந்த பெயர் அது. அதே 2018-இல் மிக ஆபத்தான நிலையில் இருக்கும் இனங்களின் சிவப்புப் பட்டியலிலும் சேர்ந்தது. அடையாளம் காண உதவிய மீன்கள் கிடைத்தது தமிழ்நாட்டில், மாயாற்றில்.

அப்படியானால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா? அதுவும் ஆபத்துதான். 1999-இல் சீன எல்லைப் பக்கத்துக் குகைப் பல்லி ஒன்றை விஞ்ஞானிகள் புதிய இனம் என்று இடத்தோடு வெளியிட்டார்கள். அந்த விவரத்தைப் பிடித்துக்கொண்டு வியாபாரிகள் போய்ப் பிடித்ததில், அந்த இடத்திலிருந்தே பல்லி காணாமல் போனது. அரிய உயிரினங்களின் துல்லியமான இடத்தை வெளியிடாதீர்கள் என்று 2017-இல் 'சயின்ஸ்' இதழிலேயே இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். தூண்டில்காரர்களின் பழைய கஞ்சத்தனம் விஞ்ஞானத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

எனக்குத் தோன்றுவது இதுதான். மறைப்பதும் சொல்வதும் யாரிடம் என்பதில் இருக்கிறது. பாறைக்குப் பின்னால் ஓட்டம் தணியும் இடத்தில் மீன் ஏன் நிற்கிறது என்பதைப் புத்தகத்தில் எல்லோருக்கும் சொல்லலாம். தண்ணீரைப் படிக்கக் கற்றவன் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்வான், அதில்தான் ருசியே. எந்த மடுவில் எத்தனை என்ற கணக்கு ஆய்வாளர்களிடமும் வனத்துறையிடமும் மறைக்காமல் போய்ச்சேர வேண்டும். அந்த நோட்டு இல்லாமல் போயிருந்தால், திமில் மஹசீர் குறைவதே நமக்குத் தெரிந்திருக்காது.

இன்று புத்தகம்கூடத் தேவையில்லை. கைபேசியில் எடுக்கும் படமே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். விடுமுறையில் பிள்ளைகளோடு பீமேஸ்வரிக்கோ ஒகேனக்கலுக்கோ போனால், இது எந்த ஆறு, இதில் என்ன மீன், அது ஏன் குறைந்தது என்று தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். மடு எங்கே என்பது மட்டும் அந்தக் கரைக்காரர்களிடமே இருக்கட்டும்.