மிட்ச் புயலும் ஃபாண்டோம் கப்பலும்

1998 அக்டோபர் இறுதியில் மேற்குக் கரீபியன் கடலில் மிட்ச் சூறாவளி உச்ச வலிமையான ஐந்தாம் வகையை எட்டியது. காற்றின் வேகம் மணிக்கு 285 கிலோமீட்டர். அவ்வேளையில் ஃபாண்டோம் என்ற நான்கு பாய்மர உல்லாசக் கப்பல் ஹோண்டுராஸ் கரையை ஒட்டிச் சென்றுகொண்டிருந்தது. 1927இல் கட்டப்பட்ட பழைய கப்பல் அது. புயலின் போக்கு அறிந்ததும் சுற்றுலா கைவிடப்பட்டு, சுமார் நூறு பயணிகள் பெலீஸ் நகரில் இறக்கப்பட்டு விமானம் ஏறினர். மாலுமிகள் 31 பேருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கப்பலைக் காக்க அவர்கள் மீண்டும் கடலுக்குச் சென்றனர்.

முதலில் வடக்கே தப்ப எண்ணினார்கள். புயல் அவ்வழியை அடைக்கும் என்று தோன்றியதால் தெற்கே திரும்பி, ரோவாட்டான் தீவின் மறைவை நாடினர். ஆனால் மிட்சும் தெற்கே திரும்பியது. 27ஆம் தேதி மாலையோடு தொடர்பு அறுந்தது. பின்னர் குவானஹா தீவருகே உயிர்காப்பு மிதவைகளும் மேலங்கிகளும் கிடைத்தன. 31 பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

பெலீஸ் நகரத்தார் உள்நாட்டுக்கு வெளியேறினர். 1961இல் ஹேட்டி புயல் அடித்த அடியில் தலைநகரையே பெல்மோபானுக்கு மாற்றிய நாடு அது, அச்சம் நியாயமானதே. இம்முறை புயல் அங்கு வரவில்லை. அது குவானஹாவை நெடுநேரம் வதைத்தது. வீடுகளோடு தீவின் அலையாத்திக் காடுகளும் பெரும்பகுதி அழிந்தன. ஆயினும் மிட்ச் பறித்த உயிர்களில் பெரும்பாலானவை கரையில் போகவில்லை. ஹோண்டுராஸ், நிகராகுவா மலைகளில் பெய்த பெருமழையின் வெள்ளத்திலும் மண்சரிவிலும் பல்லாயிரம் பேர் மாண்டனர்.